வீட்டுக்குள் எத்தனை காந்தம்?

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் பழைய சாமான் போடும் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நைலான் கயிற்றில் கட்டிய ஒரு காந்தம் தொங்கும். ஏதோ ஒரு பெரிய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கறுப்பு வளையம். விளிம்பில் ஓரிடம் சில்லு பெயர்ந்திருக்கும். பழைய குழாயையோ கைப்பிடியையோ கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் உடனே தராசில் வைக்க மாட்டார். காந்தத்தை இழுத்து அதில் தொட்டுப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு விலை. ஒட்டாவிட்டால் பித்தளையா, எவர்சில்வரா, அலுமினியமா என்று அடுத்த பேச்சு தொடங்கும். "காந்தம் பொய் சொல்லாது அண்ணாச்சி" என்று ஒருமுறை சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டில் எத்தனை காந்தம் இருக்கும் என்று பேத்தியிடம் கேட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் மாம்பழ பொம்மை ஒன்று, தன்னுடைய பென்சில் டப்பா மூடி இன்னொன்று என்று இரண்டு விரல் நீட்டினாள். நாங்கள் சேர்ந்து எண்ண ஆரம்பித்தோம். முப்பதைத் தாண்டிய பிறகும் சமையலறை பாக்கி இருந்தது.

அந்த எண்ணிக்கைதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. வீட்டிலுள்ள காந்தங்களை அவை செய்யும் வேலையை வைத்துப் பார்த்தால் முதலில் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. ஒட்டும் காந்தம் ஒன்று, ஓட்டும் காந்தம் மற்றொன்று. ஓர் எழுத்தின் நீளம்தான் வித்தியாசம். ஆனால் ஒட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஓட்டுவது தெரிவதில்லை. நம் வீட்டு வேலையில் பெரும்பகுதியைச் செய்வது ஓட்டும் காந்தம்தான் என்பதும், அது எங்கே இருக்கிறது என்று நாம் அறியாமலிருப்பதில் பணமும் ஆபத்தும் கலந்திருக்கின்றன என்பதும் என் எண்ணம்.

ஒட்டுவதில் பெரியது ஃபிரிட்ஜ் கதவு. அதன் உள்விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டையைப் பிடித்துப் பாருங்கள். அதற்குள் பட்டையான ஒரு கறுப்பு நாடா செருகியிருக்கும். காந்தப் பொடியை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ பிசைந்து செய்த காந்தம் அது. வளையும், கத்தரியால் வெட்டலாம். கதவை மூடும்போது கடைசி ஒரு விரற்கடையில் கதவு தானே போய் ஒட்டிக்கொள்கிறதே, அதைச் செய்வது அந்த நாடாதான்.

அந்த நாடா பல உயிர்களைக் காத்திருக்கிறது. பழைய ஃபிரிட்ஜ்களில் வெளியே கைப்பிடியும் உள்ளே கொக்கியும் இருந்தன. மூடினால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அமெரிக்காவில் வீசியெறிந்த பழைய ஃபிரிட்ஜ்களுக்குள் ஒளிந்து விளையாடப் போன குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுமுட்டி இறந்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, அடுத்தடுத்து. அதனால் 1956-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 1958 அக்டோபர் இறுதியிலிருந்து செய்யப்படும் எந்த ஃபிரிட்ஜும் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். கொக்கி போய்க் காந்தப் பட்டை நிலைத்தது அதன்பிறகுதான். உள்ளிருக்கும் ஒரு சின்னப் பிள்ளை கையால் தள்ளினாலும் விட்டுக்கொடுக்கும் அளவுக்குத்தான் அந்தக் காந்தம் பிடிக்க வேண்டும். குளிர்ந்த காற்று கசியாத அளவுக்கு இறுகவும் வேண்டும். இரண்டையும் ஒரு நாடா செய்கிறது.

ஃபிரிட்ஜில் ஒட்டும் தட்டையான விளம்பர அட்டைகளுக்கு ஒரு விநோதக் குணம் உண்டு. பின்பக்கம் ஒட்டும், முன்பக்கம் ஒட்டாது. அதன் வடக்கும் தெற்கும் பக்கத்துக்கு ஒன்றாக இல்லாமல், வரிக்குதிரையின் கோடுகள்போல் மாறிமாறிப் பதிக்கப்பட்டு, காந்த விசை முழுவதும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு அட்டைகளை முதுகோடு முதுகு வைத்து மெல்ல இழுத்தால் ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும். குறுக்குத் திசையில் இழுத்தால் டக டக டக என்று துள்ளும். அந்தத் துள்ளல்தான் கோடு. பேத்தி அரைமணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தாள்.

மற்ற ஒட்டுக் காந்தங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். அலமாரிக் கதவின் மூலையில் வெள்ளை டப்பாவுக்குள் இருப்பது, வாசலில் நடுவே பிளந்து தானே சேர்ந்துகொள்ளும் கொசுவலை, கைப்பை மூடி, செல்போன் பவுச், இயர்பட்ஸ் டப்பா, சேலைக்கும் ஹிஜாபுக்கும் துணியில் ஓட்டை விழாமல் குத்தும் காந்தப் பின், தையல்காரர் சிந்திய குண்டூசிகளை வாரும் காந்தம், மாவு மில்லில் தானியம் கொட்டும் வாயில் ஆணியைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தம். நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை அரைக்கும் உருளைகள் தேயும்போது உதிரும் இரும்புத் துகளை எடுக்கவும் காந்தம்தான். நகைப் பட்டறையில் அரத்தூளோடு கலந்த இரும்பைப் பிரிக்கவும் அதுவே.

பாத்திரக் கடையைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். எவர்சில்வர் வாங்கப் போனால் கடைப் பையன் ஒரு காந்தத்தை எடுத்து வைத்து, "பாருங்க அக்கா, ஒட்டவே ஒட்டாது, ஒரிஜினல்" என்பான். என் மனைவி உட்பட நிறையப் பேர் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். 304 என்னும் நல்ல ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதில் காந்தம் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் நிக்கலைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்த மலிவான 200 வரிசை ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அது உப்பிலும் புளியிலும் சீக்கிரம் கறைபடும். இன்னொரு பக்கம், நல்ல 304 தகட்டை ஆழமாக அழுத்தி டவராவாகவோ குடமாகவோ இழுக்கும்போது வளைந்த மூலைகளில் உலோகத்தின் உள்ளமைப்பு மாறி அங்கே மட்டும் காந்தம் லேசாக ஒட்டும். அதைப் பார்த்துவிட்டு நல்ல பாத்திரத்தைத் தள்ளி வைப்பவர்களும் உண்டு. இரும்புக் கடைக்காரர் சொன்னது சரி, காந்தம் பொய் சொல்லாது. ஆனால் அது சொல்வது ஒட்டுமா ஒட்டாதா என்பதைத்தான், தரத்தை அல்ல. முத்திரையில் 304 என்று இருக்கிறதா என்று பார்த்து, ரசீதிலும் அதை எழுதி வாங்குவது நல்லது.

இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்குகிறவர்களுக்கோ கேள்வி தலைகீழ். அங்கே காந்தம் ஒட்ட வேண்டும், அதுவும் அடிப்பாகத்தில். கண்ணாடிக்கு அடியில் வட்டமாகச் சுற்றிய செம்புக் கம்பியில் மின்சாரம் விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறுகிறது. அதோடு காந்தப் புலமும் மாறுகிறது. அந்த மாற்றம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பி, பாத்திரமே சூடாகிறது. அடுப்பு சூடாவதில்லை, பாத்திரத்தின் சூடு கண்ணாடிக்கு ஏறுகிறது. காந்தம் ஒட்டாத வெறும் அலுமினியக் குக்கரை வைத்தால் அடுப்பு சத்தம் போட்டு நின்றுவிடும்.

இனி ஓட்டும் காந்தம். என் தலைமுறைக்கு இதை முதலில் காலால் உணர்த்தியது சைக்கிள் டைனமோ. இருட்டில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம். டைனமோவைச் சாய்த்து டயரில் உரசவிட்டால் கிர்ரென்ற சத்தத்தோடு விளக்கு எரியும், உடனே பெடல் கனக்கும். விளக்கு சும்மா எரியவில்லை, என் கால் வலியில்தான் எரிகிறது என்பது அப்போதே தெரிந்தது. உள்ளே ஒரு காந்த உருளை கம்பிச் சுற்றுக்கு நடுவில் சுழல்கிறது. கம்பியில் பிறக்கும் மின்சாரம் தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கிறது. 6 வோல்ட், 3 வாட். அசையும் காந்தம் கம்பியில் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்பதை 1831-ல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் கண்டுபிடித்தார். அதற்கு 11 ஆண்டு முன்னால், 1820-ல், கோபன்ஹேகனில் ஏர்ஸ்டட் மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதைப் பார்த்திருந்தார். மின்சாரம் காந்தமாகும், காந்தம் மின்சாரமாகும். நம் வீட்டு மோட்டார்கள் எல்லாம் இந்த இரண்டு வாக்கியத்தில் அடக்கம். டூ வீலர் மெக்கானிக் "மேக்னட் காயில் போயிருச்சு" என்று சொல்லும்போது குறிப்பிடுவதும் இதன் தம்பியைத்தான்.

ஸ்பீக்கரும் இதே கதை. வளையக் காந்தத்தின் நடுவில் ஒரு மெல்லிய இடுக்கு. அந்த இடுக்கில் காகிதக் கூம்போடு ஒட்டிய சிறு காயில். பாட்டு மின்சாரமாக வந்து காயிலை முன்னும் பின்னும் தள்ளுகிறது, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. கோயில் கொடையில் பனைமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்குப் பின்னால் உருண்டையாக இருக்கும் யூனிட்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கனம் முழுவதும் அந்தக் காந்தம்தான். மைக் செட்காரர் கையில் இருக்கும் சாதாரண மைக்கிலும் ஒரு காந்தம் உண்டு. அங்கே குரல் காயிலை அசைக்கிறது, மின்சாரம் வெளியே வருகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் எண்ணிக்கை குழம்பிவிடும். காந்தம் இருக்கும் பொருள் வேறு, காந்தத்தால் ஓடும் பொருள் வேறு. 2011-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ரேஷன் அட்டை வீடுகளுக்கு மூன்று மோட்டார் வந்து சேர்ந்தது. மூன்றையும் உடைத்துப் பார்த்தால் ஒன்றில்கூட நிரந்தரக் காந்தம் கிடைக்காது. ஆனால் மூன்றும் காந்தத்தால்தான் சுற்றுகின்றன. சுவிட்சைப் போட்டால் செம்புக் கம்பி காந்தமாகிறது, நிறுத்தினால் காந்தம் போய்விடுகிறது. மிக்ஸியில் நிற்கும் காயில், சுற்றும் காயில் இரண்டுக்கும் மின்சாரம் போகிறது. சுற்றுகிற பாகத்துக்கு அதைக் கொடுப்பதற்குத்தான் கார்பன். தேய்ந்தால் தீப்பொறி பறக்கும், மாற்றுவோம். கிரைண்டரிலும் விசிறியிலும் கார்பன் கிடையாது. வெளிக்காயிலின் சுழலும் காந்தப்புலம் உள்ளே இருக்கும் உருளையில் மின்சாரத்தைத் தூண்டி, அதையே காந்தமாக்கி இழுத்துக்கொண்டு போகிறது.

அப்படித் தூண்டிக் காந்தமாக்குவதில் மின்சாரம் வீணாகிறது. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேனில் சுற்றும் பாகத்தில் நிரந்தரக் காந்தத்தையே ஒட்டிவிடுகிறார்கள். காந்தமாக்குவதற்குத் தனியாகச் செலவில்லை. முழு வேகத்தில் 30 வாட்டைச் சுற்றித்தான் வரும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனுக்குக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு 20 யூனிட் மிச்சம். வைகாசி வெயிலில் மூன்று ஃபேன் ஓடும் வீட்டில் இது கரண்ட் பில்லின் அடுக்கையே மாற்றிவிடும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகியிருப்பதால் வாங்கும்போதே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் என் மனதை உறுத்தும் ஒன்றும் இதில் இருக்கிறது. பழைய ஃபேன் எரிந்தால் தெருமுனையில் காயில் கட்டும் கடை உண்டு. பழைய கம்பியை உருவி, சுற்றுகளை எண்ணி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பார்கள். முப்பது வருஷ ஃபேன்கள் இன்னும் ஓடுவது அவர்கள் புண்ணியத்தில். பி.எல்.டி.சி. ஃபேனில் பழுதாவது பெரும்பாலும் காயில் இல்லை, அதை ஆட்டுவிக்கும் மின்னணுப் பலகை. காந்தம் நூறு வருஷம் இருக்கும், பலகை ஐந்து வருஷத்தில் போய்விட்டால் முழு ஃபேனும் இரும்புக் கடைக்குப் போகிறது. பலகை தனியாகக் கிடைக்குமா, எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்று கேட்டு வாங்க வேண்டிய பொருள் அது. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற பொருளைப் பழுதுபார்க்கவும் வழி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

வயல் பக்கம் போனால் காந்தத்தின் வேலை இன்னும் தெளிவாகக் கேட்கும். பம்ப்செட் அறையில் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் டப்பென்று ஒரு சத்தம். உள்ளே ஒரு மின்காந்தம் இரும்புக் கட்டையை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியில்தான் மும்முனை மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. கையை எடுத்த பிறகும் பிடி விடுவதில்லை. மின்சாரம் போனால் காந்தமும் போகிறது, கட்டை விழுகிறது. நள்ளிரவில் மறுபடி மின்சாரம் வந்தாலும், யாராவது பொத்தானை அழுத்தாமல் மோட்டார் தானாகக் கிளம்பாது. கிணற்றில் இறங்கி வேலை செய்கிறவருக்கு அது காவல். வோல்டேஜ் குறைந்தால் பிடி தளர்ந்து கடகடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் ஓர் எச்சரிக்கை. கட்டை விழாமலிருக்கக் குச்சியைச் சொருகி வைப்பது காந்தத்தின் காவலைக் கட்டிப்போடுவதற்குச் சமம். அதைச் செய்யவே கூடாது. வீட்டு வாசலில் டிங் டாங் என்று அடிக்கும் காலிங் பெல்லும் இதே மின்காந்தம்தான். அழுத்தும்போது உள்ளே இழுபடும் கம்பி ஒரு தகட்டில் டிங், விடும்போது திரும்பி வந்து மறு தகட்டில் டாங்.

வீட்டுக் காந்தங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் ரைஸ் குக்கரைக் காட்டுவேன். பொத்தான் ஒன்றே உள்ள சாதாரண ரைஸ் குக்கர். பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். சூடேறும் தட்டின் நடுவில், விரலால் அமுக்கினால் இறங்கி எழும் வட்டமான பித்தான் ஒன்று இருக்கும். அந்தப் பித்தானுக்குள் ஃபெரைட் என்ற கறுப்புப் பொருள் ஒரு துண்டு. அதற்குக் கீழே ஒரு காந்தம். நாம் பொத்தானைத் தட்டியதும் காந்தம் மேலே போய் ஃபெரைட்டைப் பிடித்துக்கொள்கிறது, ஸ்பிரிங் இழுபட்டு நிற்கிறது, சூடு ஏறுகிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டாது, எவ்வளவு எரித்தாலும். அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு மேலே ஏறத் தொடங்குகிறது. எந்தக் காந்தப் பொருளுக்கும் தன் காந்தத் தன்மையை இழக்கும் ஒரு சூடு உண்டு. இந்த ஃபெரைட்டை அதற்கென்றே சுமார் 103 டிகிரியில் இழக்கும்படி கலந்து செய்திருக்கிறார்கள். அந்தப் புள்ளி வந்ததும் காந்தத்துக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. ஸ்பிரிங் ஜெயிக்கிறது. டக்.

சிப் இல்லை, புரோகிராம் இல்லை. சோறு வெந்துவிட்டது என்று ஒரு கறுப்புத் துண்டுக்குத் தெரிகிறது. யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் நாள்தோறும் அந்த டக் கேட்டுத்தான் இலை போடுகிறார்கள். பித்தானின் மேல் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தால் பாத்திரம் சரியாகத் தொடாமல் கணக்குத் தப்பும். துடைத்து வைத்தால் போதும், மெக்கானிக்கிடம் போக வேண்டாம்.

இந்த ஃபெரைட் பிறந்தது ஜப்பானில். 1930-ல் டோக்கியோவில் கத்தோ, தக்கேய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரும்பு ஆக்சைடை அடிப்படையாக வைத்து இதை உருவாக்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் அதனுடன் பேரியம் சேர்த்து மலிவான நிரந்தரக் காந்தம் செய்தது. ஸ்பீக்கர் வளையம், ஃபிரிட்ஜ் பட்டை, ஃபேன் காந்தம் பெரும்பாலும் இந்த வம்சம்தான். ஏறக்குறைய துருவிலிருந்து செய்த காந்தம் என்பதால் அது துருப்பிடிப்பதில்லை, விலையும் குறைவு. கீழே போட்டால் மண்பாண்டம்போல் உடையும்.

நினைவில் வைத்துக்கொள்ளும் காந்தங்களை இரண்டு வரியில் கடந்துவிடலாம், அவற்றின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பிலிப்ஸ் 1963-ல் கொண்டுவந்த கேசட்டில் பழுப்பு நாடாவில் இரும்பு ஆக்சைடு பூச்சுதான் பாட்டு. ஏ.டி.எம். கார்டின் பின்னால் இருக்கும் கறுப்புக் கோடும் அதுவே. கோட்டை நகலெடுத்துத் திருடுவது எளிது என்பதால் ரிசர்வ் வங்கி 2018 டிசம்பருக்குள் சிப் கார்டுக்கு மாறச் சொன்னது. கணினியின் ஹார்டு டிஸ்க் மட்டும் தரவுக் கிடங்குகளில் இன்னும் சுழல்கிறது.

உணரும் காந்தம் புதிய கூட்டம். செல்போனில் பேச்சு கேட்கும் ஸ்பீக்கர், அதிரும் மோட்டார், கேமரா லென்ஸை அசைக்கும் காயில் எல்லாவற்றிலும் கடுகளவு காந்தங்கள் உண்டு. இவற்றோடு, காந்தத்தை அளக்கும் ஒரு கருவியும் உள்ளே இருக்கிறது. மேப்பில் அம்புக்குறி திரும்புவது அதனால். பவுச் மூடியைச் சாத்தியதும் திரை அணைவது மூடியிலுள்ள காந்தத்தைப் போன் உணர்வதால். அந்த அளவுமானியைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் பேத்தியும் நானும் வீட்டைச் சுற்றினோம். வெட்டவெளியில் நிற்கும்போது காட்டும் 40 மைக்ரோடெஸ்லா பூமியின் காந்தம். டி.வி. ஸ்பீக்கர் பக்கம் போனதும் எண் நூற்றுக்கணக்கில் எகிறியது. சுவருக்குள் கம்பி இருக்கும் இடத்தில் கொஞ்சம் அசைந்தது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் ஊர்ப்பக்கம்தான் கடக்கிறது. அதனால்தான் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஐரோப்பாவில் காந்த முள்ளைத் தாராளமாகத் தொங்கவிட்டால் அதன் வடமுனை தரையை நோக்கிச் சரியும். இங்கே அது படுத்த வாக்கிலேயே நிற்கும்.

வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று எங்கள் ஆச்சி சொல்வாள். அவள் காரணம் சொல்லவில்லை. இன்று வாட்ஸ்அப்பில் காரணமாக, ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, பூமியின் காந்தம் அதை இழுக்கும் என்று வருகிறது. இது தவறு. ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணியில் இருக்கும் இரும்பைப்போல் காந்தத்துக்கு வசப்படுவதல்ல. பிராணவாயு ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதே இல்லை, மிகமிக மெல்லத் தள்ளுகிறது. 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவிக்குள் பூமியைவிட 35,000 மடங்குக்கு மேல் காந்தப்புலம் உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் அதற்குள் படுத்து எழுந்து வருகிறார்கள். ஆச்சி சொன்னதைப் பழக்கமாகக் கடைப்பிடிப்பது அவரவர் விருப்பம், அதற்குக் காந்தத்தைச் சாட்சி கூப்பிட வேண்டாம். வலி போக்கும் காந்த வளையல், காந்த மெத்தை என்று பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பவர்களிடமும் இதைத்தான் சொல்ல வேண்டும். முட்டிவலிக்குப் பணம் செலவழிக்கப் போகிறவர் அதை மருத்துவரிடம் செலவழிக்கலாம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, யாரும் அதைப் பேசுவதில்லை. பளபளவென்று மிளகு, கடலை அளவில் பொம்மைகளாகவும் மேசை அலங்காரமாகவும் விற்கும் காந்த மணிகள் நியோடிமியம் வகை. ஒரு குழந்தை ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டை வேறுவேறு நேரத்தில் விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் அகப்பட்ட குடல் சுவர் ரத்தமில்லாமல் செத்து ஓட்டை விழும். முதல் நாள் லேசான வயிற்றுவலி, வாந்தி மட்டுமே தெரியும். காந்தம் விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், காந்தம் என்ற சொல்லை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த மணிகள் இருக்கவே வேண்டாம்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கருவியைப் பரிசோதனை நிலைக்கு மாற்ற மருத்துவர்கள் வேண்டுமென்றே மேலே ஒரு காந்தத்தை வைப்பது வழக்கம். அதே வேலையை சில செல்போன்களின் முதுகிலுள்ள காந்த வளையமும், இயர்பட்ஸ் டப்பாவும், சட்டையில் குத்தும் காந்தப் பெயர்ப்பட்டையும் அறியாமல் செய்துவிடலாம். 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் போதும். நம் ஊர் ஆண்கள் போனை வைப்பதோ இடது மார்புப் பையில். வலது பக்கம் இடுப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நியோடிமியம் என்று சொன்னேன். அந்த வகைக் காந்தம் 1983-ல் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஜான் குரோட்டும் தனித்தனியாக ஒரே சமயத்தில் அதை அடைந்தார்கள். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த அந்தக் காந்தம் ஃபெரைட்டைவிடப் பத்து மடங்கு வலியது. ஸ்பீக்கர் காதுக்குள் நுழைந்ததும், எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் மோட்டார் கைக்கு அடக்கமானதும் இதனால். உலகில் செய்யப்படும் இந்தக் காந்தங்களில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் உருவாகிறது. 2025 ஏப்ரலில் அந்த நாடு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகனத் தொழிற்சாலைகள் தவித்தன.

நியோடிமியத்தின் மூலப்பொருள் பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுத்துக் கிடக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டு இங்கே வந்தார் என்பது பிரபலமான கதை. அன்று அவருக்கு வேண்டியிருந்தது கேஸ் விளக்கு மேண்டிலுக்கான தோரியம். இன்று வேண்டியது அதே மணலிலுள்ள நியோடிமியம். மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே மணலைப் பிரிக்கும் விதத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். காந்தம் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இல்மனைட் சட்டென்று ஒட்டும், கார்னெட் கொஞ்சம், மோனசைட் வலிய காந்தத்துக்கு மட்டும் லேசாக. சிர்க்கானும் ரூட்டைலும் ஒட்டாமல் ஓடிவிடும். காந்தம் செய்வதற்கான மண்ணைக் காந்தமே பொறுக்குகிறது. அந்தக் கரையில் வாழும் மீனவர்களுக்கு மணல் என்பது வீடு, கரை, கதிர்வீச்சு பற்றிய பயம். புதிய சுரங்கங்களுக்கு அவர்கள் தெரிவிக்கும் எதிர்ப்பை வளர்ச்சிக்குத் தடை என்று ஒதுக்கிவிட முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பதோடு நம் பக்கத்திலும் செய்ய ஒன்று இருக்கிறது. நியோடிமியம் ஏற்கெனவே நம் வீடுகளில், பரணில் கிடக்கும் பழைய போன்களிலும் ஹார்டு டிஸ்க்குகளிலும் இயர்போன்களிலும் இருக்கிறது. மணலில் இருப்பதைவிட அடர்த்தியாக, பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய உலோகமாக. பழைய இரும்போடு சேர்த்து உலையில் போட்டால் அது கசடாகிப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. ஆனால் அதைத் தனியாக வாங்குவதற்கு நம் ஊர்களில் இன்னும் ஆள் இல்லை.

போன வாரம் இரண்டு பழைய ஹார்டு டிஸ்க்குகளை அதே கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் திருப்புளியால் திறந்து, பிறை வடிவத்தில் பளபளத்த இரண்டு காந்தங்களை எடுத்து, கடையின் இரும்புத் தூணில் ஒட்டினார். தூணில் ஏற்கெனவே பத்திருபது பிறைகள் ஒட்டியிருந்தன. ஒன்றைப் பெயர்க்க முயன்றேன், நகம்தான் வலித்தது. சுவரில் செம்பு, பித்தளை, அலுமினியம், அட்டை, பேப்பர் என்று சாக்பீஸில் விலை எழுதியிருந்தது. இதுக்கு என்ன விலை என்று கேட்டேன்.

"இதுக்கெல்லாம் விலை கிடையாது அண்ணாச்சி, இரும்போட எடை போட்டுத்தான் லாரியில ஏத்துவோம்" என்றார்.